கணினி தடுக்கவில்லை, கற்பிப்போரே தடுக்கின்றனர்!

கணினிக்கு நிரல் எழுதுவதென்றால் ஆங்கிலத்தில்தான் எழுத முடியும் என்றொரு பொய் தமிழ்நாட்டில் நெடுநாளாக உலவி வருகின்றது. பொய் என்றே உணராமல் அதனைச் சொல்லித் திரிவோர் பலர். பொய்யென உணர்ந்தும் வாய் திறவாதிருப்போர் சிலர். அறியாதார்க்கு அறிவு கொளுத்தலாம். அறிந்தும் வாளாவிருப்பாரை என் செய்வது? இவ்விரு திறத்தார்க்கும் இடையில் அகப்பட்டு நசுங்குவோர், தமிழ்வழிப் பயின்று கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் சிற்றூர்ப் பிள்ளைகளே! அவர்கள்பொருட்டாயினும் அப்பொய்யின் வேரை அகழ்ந்து வெளியே போட்டாக வேண்டும். அதற்குச் ‘சாவா’ என்னும் நிரல்மொழியைப் போன்ற நல்ல சான்று வேறில்லை.

சாவகமும் சாவாவும்

அமெரிக்க நாட்டுச் சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனத்தில், சேம்சு காசுலிங்கு என்னும் பொறிஞரின் தலைமையில் 1991-இல் உருவாகத் தொடங்கியது அம்மொழி. முதலில் அதற்கு ‘ஓக்’ என்னும் மரத்தின் பெயரை இட்டிருந்தனர். 1995-இல் உலகிற்கு வெளியிட்டபோது குளம்பியின் பெயரால் ‘சாவா’ என மாற்றினர். குளம்பிக்கு அப்பெயர் அது விளைந்த தீவினால் வந்தது. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து ஆண்டதாகச் சாத்தனார் பாடிய சாவக நாடு அத்தீவே என்பது அறிஞர் பலர் கொள்கை. அதுவன்றிச் ‘சாவா’ என்னும் சொல் தமிழ்ச் செவியில் ‘இறவாத’ என்னும் பொருளையும் தந்து நிற்கின்றது. பெயரளவில் இத்துணை நெருங்கி வந்த அம்மொழி, எழுத்தளவில் இன்னும் நெருங்கி வந்துள்ளது. அதைத்தான் கற்பிப்போர் மறைக்கின்றனர்.

உலகமொழிகளின் எழுத்துகளையெல்லாம் ஒரே நிரையில் வைத்து எண்ணிடும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளியாயிற்று. தமிழெழுத்துகள் அதிலேயே இடம்பெற்றுவிட்டன. சாவாவை வகுத்தோர் ஆங்கிலம் ஒன்றற்கே அது பயன்படட்டும் எனக் கருதியிருந்தால், ஓர் எழுத்திற்குப் ‘பிட்’ எனப்படும் நுண்மி எட்டே போதும். அவர்களோ 16 நுண்மி இடம் ஒதுக்கினர். ஏன் ஒதுக்கினர்? உலகத்து எழுத்துகளெல்லாம் உள்ளே வரட்டும் என்பதற்காகவே ஒதுக்கினர்!

அம்மட்டோ? நிரலில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் இனக்குழுக்களுக்கும் எழுதுவோர் இடும் பெயரைக் குறிப்பெயர் என்பர். ஒருங்குறியின் எழுத்துகள் எவற்றையும் கொண்டு குறிப்பெயர் அமைக்கலாம் என்றும், நிரல் எழுதுவோர் தத்தம் தாய்மொழியிலேயே பெயரிட்டுக்கொள்ள இது வழிசெய்யும் என்றும் 1996-இல் வெளிவந்த சாவா மொழியின் முதல் வரையறை நூலே கூறிவிட்டது. தமிழின் உயிரும் மெய்யும் பெயரின் முதலில் நிற்கலாம். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயரின் உள்ளே வரலாம். தமிழெண்களில் எழுதிய ௨௫ என்னும் எழுத்துக்கோவையை எண்ணாக மாற்றச் சொன்னால், சாவா அதனை இருபத்தைந்து என்றே படித்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக் கல்லூரி வகுப்புகளில் ‘இதில் தமிழ் எடுபடாது’ என்று சொல்லப்பட்டு வந்த ஆண்டுகளிலெல்லாம் இவ்விதி அந்நூலில் அப்படியே கிடந்தது!

பட்டறையில் நுழைந்து பார்க்க

கடலூர் மாவட்டத்தில், பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் வழியில் இருப்பது காடாம்புலியூர். முந்திரிக்குப் பெயர்பெற்ற பகுதி. கொட்டையை வறுப்பது ஓர் ஊரிலும், உடைப்பது வேறோர் ஊரிலும், தோல் நீக்குவது மற்றோர் ஊரிலும், வகைபிரிப்பது பிறிதோர் ஊரிலும் நடந்தால் தொழில் என்னாகும்? எல்லாம் ஒரே கொட்டகையில் கைக்கெட்டும் தொலைவில் நடந்தால்தானே பருப்பு முழுதாய் வெளிவரும்? நிரல் எழுதும் தொழிலுக்கும் அத்தகைய கொட்டகை உண்டு. எழுதும் தாள், எழுதியதைக் கணினி ஏற்கும் வடிவிற்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி, இயக்கிப் பார்க்கும் மேடை, பிழை தேடும் கருவி ஆகிய அனைத்தையும் ஒரே திரையில் கூட்டித் தருவதால் அதனை நிரலாக்கப் பட்டறை என்பது பொருந்தும். சாவாவிற்கெனப் பெரிதும் பயன்படும் பட்டறைகள் மூன்று: ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கி 2001-இல் பொதுவுடைமையாக்கிய எக்ளிப்சு; 1996-இல் மாணவர் முயற்சியாய்ப் பிறந்த நெட்பீன்சு; 2001-இல் வெளிவந்த இண்டெல்லிசே.

இப்பட்டறையில் தொடக்க மாணவர் ஒருவர் முந்திரி உடைப்போர்க்குரிய கூலியைக் கணக்கிடும் நிரலை எழுதுவதாகக் கொள்க. ‘தொழிலாளி’ என்று இனக்குழுவிற்குப் பெயரிடலாம். ‘எடை’, ‘கூலி’, ‘நாள்’ என்று மாறிகளுக்குப் பெயரிடலாம். ‘கூலிகணக்கிடு’ என்று செயற்கூற்றுக்குப் பெயரிடலாம். ஒரு முறை பெயரிட்டு விட்டால், அடுத்த முறை முதலெழுத்தைத் தட்டிக் குறிப்புக் கேட்ட அளவிலேயே பட்டறை மீதி எழுத்துகளை எடுத்து நீட்டும். ‘எடை’ என்பதை ‘எடௌ’ எனத் தவறித் தட்டினால், அப்படியொரு பெயர் இல்லையே என்று அவ்விடத்தில் கோடிட்டுக் காட்டும். நிரல் ஓடும்போதே ஒரு வரியில் நிறுத்துப்புள்ளி வைத்து நிறுத்தினால், எடை இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தமிழ்ப் பெயர்களோடேயே மதிப்புகளை நிரைப்படுத்திக் காட்டும். கணக்கு எங்கே பிசகிற்று என்பது அங்கே தெரிந்துவிடும். இவற்றுள் எதற்கும் ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. கணக்கறிவும் உன்னிப்பும் வேண்டும்.

ஒரு பெட்டியில் இருந்த தடை

இதைச் செய்து பார்த்துத் தோற்றவரும் உண்டு. அத்தோல்வியின் உண்மையையும் அறிந்துகொள்ள வேண்டும். விண்டோசுக் கணினிகளில் எக்ளிப்சுப் பட்டறை பல்லாண்டுகளாக மேற்கைரோப்பிய எழுத்துகளுக்குரிய பழைய குறிமுறையையே இயல்பாகக் கொண்டிருந்தது. அதில் தமிழில் எழுதிச் சேமிக்க முயன்றால், சில எழுத்துகளை இக்குறிமுறையில் சேமிக்க இயலாது என்ற செய்தி எழும். அதைக் கண்ட அளவில் ‘பார்த்தாயா, சாவாவிற்குத் தமிழ் தெரியாது’ என்று தீர்ப்பெழுதி முடித்துவிட்டனர். அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கோப்பின் குறிமுறை என்னும் பெட்டியில் யு.டி.எப். 8 என்பதைத் தெரிவுசெய்தால் அத்தடை நீங்கிவிடும். ஒரு நிமையப் பணி! 2022-இல் வெளிவந்த சாவாக் கருவித்தொகுதியின் 18-ஆம் பதிப்பு அம்முறையையே இயல்பாக்கிவிட்டது. எக்ளிப்சும் அதே ஆண்டில் புதிய பணியிடங்களுக்கு அதனையே இயல்பாக்கிற்று. இன்று அப்பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் பழைய தீர்ப்பு மட்டும் மாறவில்லை! ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கச் சோம்பியவர்கள், ஒரு மொழிக்கே தகுதியில்லை என்று சாற்றிவிட்ட கொடுமையை என்னென்பது?

பன்னிரண்டாண்டு அறிவு ஒரே நாளில் பாழ்

கொடுமை அவ்வளவில் நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசின் மேனிலைப் பள்ளிக் கணினியியல் நூல்கள் தமிழிலும் அச்சிடப்பட்டவை. 2018-இல் வந்த பதினோராம் வகுப்பு நூல் சி++ மொழியையும், 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானையும் தமிழில் விளக்கின. மாறி, மடக்கு, செயற்கூறு, இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்னும் சொற்களையெல்லாம் அந்நூல்கள் ஆண்டுள்ளன. ‘தமிழில் சொல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்போர் அந்நூல்களைப் புரட்டிப் பார்த்ததுண்டா?

காடாம்புலியூர்ப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கும் தாய் ஒருத்தியின் மகள், அந்நூல்களைப் படித்துத் தேறிப் பொறியியற் கல்லூரிக்குள் நுழைகின்றாள் என்று வைத்துக்கொள்க. தாயின் இனக்குழுவிலிருந்து சேய் இனக்குழு பண்புகளைப் பெறுவது மரபுரிமம் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே பெயர்கொண்ட செயற்கூறு இடத்திற்கேற்ப வேறு வேறு வினையாற்றுவது பல்லுருவாக்கம் என்பதும் தெரியும். சாவாவின் உயிர்நிலையே அவைதாம்! அவள் அறியாதது, அவற்றுக்குரிய ஆங்கிலப் பெயர்களை மட்டுமே. ஆனால் வகுப்பில் முதல்நாளே அவளுக்கு என்ன நேர்கின்றது? ஆங்கில மழை பொழிகின்றது, அவள் வாய் அடைபடுகின்றது, வினாவெழுப்ப நாணுகின்றாள், நாணியவள் பின்வரிசைக்குப் போகின்றாள், தேர்வில் விடையின் மொழி தடுமாறுகின்றது, ‘இவளுக்கு நிரலாக்கம் வராது’ என்று முத்திரை விழுகின்றது. வராதது நிரலாக்கமா, ஆங்கிலமா? இரண்டையும் பிரித்தறிய மாட்டாதவர் கையில் தேர்ச்சியின் அளவுகோல் இருப்பது எவ்வளவு பெரிய கேடு!

2010-இல் தமிழ்நாட்டில் தமிழ்வழிப் பொறியியற் கல்வி தொடங்கப்பட்டபோது, கட்டுமானமும் எந்திரவியலும் ஆகிய இரண்டே துறைகள் தெரிந்தெடுக்கப்பட்டன. கணினித்துறை வெளியே நிறுத்தப்பட்டது. 2021-இல் அனைத்திந்தியத் தொழினுட்பக் கல்விக் குழு தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறியியல் நடத்த இசைவளித்தது. தமிழ்நாட்டில் தமிழில் கற்பிக்கத் தில்லியிலிருந்து இசைவு வருவதே தலைகுனிய வேண்டிய செய்தி. வந்த இசைவையும் பயன்படுத்தத் தயங்குவது அதனினும் இழிவன்றோ?

ஐம்பது சொல்லும் ஐயப்பாடும்

‘பெயர்களைத் தமிழில் வைக்கலாம், சாவாவின் சிறப்புச்சொற்கள் ஆங்கிலம்தானே?’ என்று ஒரு வினா எழும். ஆம், ஆங்கிலமே. நூலகத்துப் பெயர்களும் ஆங்கிலமே. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அச்சிறப்புச்சொற்கள் எத்தனை? ஏறத்தாழ 50! அவற்றை ஒரு கிழமையில் கற்றுக்கொள்ளலாம். அவை பேச்சுமொழியின் சொற்களாய் அங்கு நிற்கவில்லை. பொறியின் நெம்புகோல்களைப் போல் நிற்கின்றன. நூலகத்துச் செயற்கூற்றைக்கூட ‘அச்சிடு’ என்று தமிழ்ப் பெயரிட்ட ஒரு செயற்கூற்றுக்குள் ஒருமுறை பொதிந்து வைத்துவிட்டால், பின்னர் எத்தனை முறை வேண்டுமாயினும் தமிழிலேயே அழைக்கலாம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரும் மாபெரும் சக்கரப் பொறிகள் செருமானியர் ஆக்கம். 1962-இல் மின்னாக்கத் தொடங்கி 2020-இல் ஓய்ந்த முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் துணையால் எழுந்தது. செருமானியன் ஆங்கிலம் படித்துவிட்டா சக்கரத்தை வரைந்தான்? உருசியன் ஆங்கிலம் கற்றுவிட்டா சுழலியைச் சமைத்தான்? அவரவர் மொழியில் எண்ணினர். அவரவர் மொழியில் கற்றனர். உலகம் வாங்கும் பொறியைச் செய்தனர். அப்பொறிகளை இயக்கிய நெய்வேலித் தொழிலாளர், செருமானியமும் உருசியமும் கற்ற பிறகா நெம்புகோலில் கைவைத்தனர்?

‘அயல்நாட்டு நிறுவனங்களில் வேலை வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டாவா?’ என்பது அடுத்த வினா. வேண்டும். அயலார்க்கு எழுதும் நிரலை அயலார் படிக்கும் பெயர்களில் எழுதித்தான் தரவேண்டும். அதற்கு ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிக்கட்டும், நன்றாகவே கற்பிக்கட்டும். ஆனால் எண்ணக் கற்றுக்கொள்ளும் பருவத்திலேயே அயல்மொழியைக் குறுக்கே நிறுத்தி, அதைத் தாண்டினால்தான் எண்ணலாம் என்பது கல்வியன்று; கழித்துக்கட்டும் சூழ்ச்சி.

பிராகு நகரம் புகட்டும் பாடம்

நெட்பீன்சுப் பட்டறை பிறந்த இடம் அமெரிக்கா என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அன்று! செக்கு நாட்டுத் தலைநகரான பிராகில், சார்லசுப் பல்கலைக்கழக மாணவர் 1996-இல் தொடங்கிய முயற்சி அது. சன் நிறுவனம் 1999-இல் அதனை விலைகொடுத்து வாங்கிற்று. இண்டெல்லிசே பட்டறையைச் செய்த செட்பிரெயின்சு நிறுவனமும் 2000-இல் அதே பிராகில் தோன்றியதே. மூன்று பட்டறைகளுள் இரண்டு அந்நகரின் ஆக்கம்!

செக்கு மொழி பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடியர். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6 கோடியே 90 இலக்கத்தினர். அச்சிறிய இனம் இதனை எங்ஙனம் இயற்றிற்று? செருமானியமே உயர்கல்விக்கு உரியது, செக்கு மொழி ஊரார் பேச்சுக்கே உரியது என்று அங்கும் ஒரு காலத்தில் சொன்னவர் உண்டு. அவ்வினம் விட்டுக்கொடுக்கவில்லை. 1882-இல் அப்பல்கலைக்கழகமே செக்குப் பல்கலைக்கழகம் என்றும் செருமானியப் பல்கலைக்கழகம் என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தாய்மொழியில் உயர்கல்வியை நிலைநாட்டிய அவ்வினத்தின் கொடிவழியினரே, நூறாண்டு கழித்து உலகம் முழுதும் ஆளும் பட்டறையைச் செய்தனர். அப்பட்டறையின் முன் அமர்ந்துகொண்டு ‘தாய்மொழியில் கற்றால் கணினி வராது’ என்று தமிழாசான் ஒருவன் கற்பிப்பானாயின், அவன் கையிலிருக்கும் கருவியே அவனைப் பார்த்து நகையாதோ?

கீழை நாடுகளையும் பார்க்க. சாவாவின் நிரல்பெயர்ப்பி, பிழைச் செய்திகளைச் சப்பானியத்திலும் சீனத்திலும் கூறும். இண்டெல்லிசே 2020 முதல் சீனம், சப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளில் பட்டியல்களைக் காட்டுகின்றது. அம்மொழியார் தத்தம் மொழியில் கற்றனர், கற்றோர் கேட்டனர், கேட்டமையால் கிடைத்தது. தமிழர் கேட்கவில்லை. கேளாதவனுக்கு எவன் கொடுப்பான்?

தமிழ்ப்பற்றாளர் செய்ய வேண்டுவது

பழியை அயலார் மீதும் ஆங்கில மயக்கத்தினர் மீதும் மட்டும் சுமத்திவிட்டுத் தமிழ்ப்பற்றாளர் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரே கருத்திற்கு நிரல்பெயர்ப்பி என்பார் ஒருவர். தொகுப்பி என்பார் மற்றொருவர். தொகுப்பான் என்பார் வேறொருவர். சொல்லாக்கப் பட்டியல்கள் வளர்கின்றன. அச்சொற்களை ஆண்டு நிரல் எழுதுவோர் வளரவில்லை. அகரமுதலியில் துயிலும் சொல் உயிருள்ள சொல் ஆகாது. பட்டறையில் ஒலிக்கும் சொல்லே வாழும். எது சிறந்த சொல் என்று பத்தாண்டு வழக்காடுவதினும், ஏற்ற ஒன்றைக் கையிலெடுத்துப் பத்து நிரல் எழுதுவது தமிழுக்குச் செய்யும் தொண்டு.

வழிகாட்டிகள் இல்லாமலும் இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒழுங்கு கண்டது. முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்னும் நிரல்மொழியைப் படைத்து 2009-இல் ஆய்வுரை வழியே உலகிற்கு அறிவித்தார். அதில் சிறப்புச்சொற்களே தமிழ். 2012-இல் தோன்றிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கிற்று. இவை தனியாள்களும் சிறு குழுக்களும் செய்தவை. பல்கலைக்கழகங்களின் பொருளும் ஆளும் இப்பணியில் இறங்கினால் என்ன ஆகாது?

எவரிடமும் கையேந்த வேண்டியதுமில்லை. சன் நிறுவனம் 2006-இல் சாவாவைக் கட்டற்ற உரிமத்தின்கீழ்த் திறந்துவிட அறிவித்தது. எக்ளிப்சும் நெட்பீன்சும் திறந்த நிரல்களே. அவற்றின் பட்டியல்களும் பிழைச் செய்திகளும் நிரலுக்கு வெளியே தனிக் கோப்புகளில் வைக்கப்பட்டுள்ளன. மொழிபெயர்ப்போர் எளிதில் எடுத்தாள வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். கணினி கற்ற தமிழிளைஞர் இருபதின்மர் கூடி, தமிழறிந்தார் இருவரைத் துணைக்கொண்டு, ஒரு கோப்பை எடுத்து அமரட்டும். மாணவர் தம் முதல் நிரலைத் தமிழ்ப் பெயர்களால் எழுதட்டும். ஆசிரியர் பள்ளிநூற் சொற்களைக் கல்லூரியிலும் ஆளட்டும். ஆங்கிலச் சொல்லை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டட்டும். செய்முறைத் தேர்வில் தமிழ்ப் பெயரிட்ட நிரலுக்கும் முழு மதிப்பெண் உண்டென்று பல்கலைக்கழகம் ஆணையிடட்டும். இவற்றுள் ஒன்றேனும் இயலாத செயலா?

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க அதனினும் பன்மடங்கு மேல்மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. அது நிலத்தின் இயற்கை. அதற்காக யாரையும் நொந்து பயனில்லை. தமிழ்ப் பிள்ளையின் அறிவின் மேல் குவிந்து கிடக்கும் ஆங்கில மேல்மண்ணோ இயற்கை இட்டதன்று. கற்பிப்போர் கூடைகூடையாய்க் கொண்டுவந்து கொட்டியது. சாவாவை வகுத்தோர் கொட்டவில்லை. பட்டறை செய்தோர் கொட்டவில்லை. கொட்டியவர்கள் அள்ளட்டும்! அள்ள மறுப்பாராயின், தமிழிளைஞரே மண்வெட்டி எடுக்கட்டும்! அடியில் இருப்பது கரியன்று, கனல்!